இரண்டாவது சோப்பு

எங்கள் குடியிருப்பின் பெயர் நொய்யல் நிழல். நொய்யல் ஆற்றில் தண்ணீரும் இல்லை, எங்கள் வளாகத்தில் நிழலும் இல்லை. ஆனால் நீச்சல்குளம் உண்டு. அந்தக் குளத்துக்கு நான்தான் பொறுப்பு. மின்வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், "மோட்டாரு, பம்பெல்லாம் குமுதவல்லி மேடத்துக்குத் தண்ணி பட்ட பாடுங்க" என்று சங்கக் கூட்டத்தில் சொல்லி என் தலையில் கட்டிவிட்டார்கள். நானும் மறுக்கவில்லை. பொறுப்பு என்றால் எனக்குக் கொஞ்சம் ஆசைதான், அதை ஏன் ஒளிப்பானேன்.

முன்பெல்லாம் குளத்தைப் பார்த்துக்கொள்வது எளிமையான வேலை. பம்பு அறையில் ஒரு மணல் வடிகட்டி, ஒரு குளோரின் டப்பா, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பிடித்து நிறம் பார்க்க ஓர் ஆள். அப்புறம்தான் தெளிவி வந்தது. சுவரில் மாட்டுகிற வெள்ளைப் பெட்டி. பீரோ கதவு அகலம்கூட இல்லை. விற்க வந்தவன் என்ன சொன்னான் தெரியுமா? "பழைய கருவியெல்லாம் தண்ணியை மட்டும்தான் மேடம் பார்க்கும். இது உங்களையும் பார்த்துக் கத்துக்கும்."

கற்றுக்கொள்ள அதற்கு வழிகள் செய்துவைத்திருந்தார்கள். குளத்தில் இறங்குகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பட்டை. யார் எங்கே நீந்துகிறார்கள் என்று பெட்டிக்கு அதனால் தெரியும். குளத்துச் சுவர் நெடுக, தண்ணீருக்கடியில், விரல் பருமனில் வாய்கள். எந்தப் பக்கத்துத் தண்ணீருக்கு மருந்து வேண்டுமோ அந்தப் பக்கத்து வாய் மட்டும் திறக்கும். திறக்கும்போது நகம் கடிக்கிற மாதிரி டிக் டிக்கென்று ஒரு சத்தம் வரும். வெளியே போகும் வழியில் பச்சைச் சிரிப்பு முகம் ஒன்று, சிவப்புக் கடுகடு முகம் ஒன்று. தண்ணீர் எப்படி இருந்தது என்று தொட்டுவிட்டுப் போகலாம்.

பெட்டியை முதன்முதலில் ஓடவிட்டபோது திரையில் ஒரு கேள்வி வந்தது. வேதியியல் மட்டும் பார்க்கட்டுமா, பயனாளர் மனநிறைவையும் பார்க்கட்டுமா? மனநிறைவு வேண்டாம் என்று எந்த மடையன் சொல்வான்? அதையும் பார்க்கட்டும் என்று நான்தான் தொட்டேன்.

உண்மையைச் சொன்னால், பெட்டி சமர்த்து. தீபாவளியன்று தலை நிறைய நல்லெண்ணெயோடு வந்து குதிக்கிற கூட்டம் எங்கள் ஊரில் உண்டு. மறுநாள் குளம் ரசம் மாதிரி எண்ணெய் மிதந்து கிடக்கும். முதல் தீபாவளிக்குத் திணறிய பெட்டி, அடுத்த தீபாவளிக்கு விடியும் முன்பே மேல்தண்ணீரை வழித்தெடுக்கத் தயாராக இருந்தது. நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டேன்.

நான் இருக்கும் சி பிளாக்கில் சொந்தமாக வீடு வாங்கிக்கொண்டு வந்தவள் பூவிழி. வக்கீல். முதுகுத்தண்டில் தட்டு விலகி, நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் இருந்தவளுக்கு, "தினமும் நீந்தும்மா, இல்லேன்னா அறுவை சிகிச்சைதான்" என்று டாக்டர் சொல்லியிருந்தார். தினமும் காலையில் வருவாள். நானும் அந்த நேரத்தில்தான் இறங்குவேன். "ஆன்ட்டி, நீங்க தண்ணிகூடச் சண்டை போடறீங்க. மூச்சை விட்டுட்டு அப்புறம் தலையைத் தூக்குங்க" என்று என் தாடையைப் பிடித்துத் திருப்பிவிடுவாள். அறுபது வயதுக்குமேல் எனக்கு ஒழுங்காக மூச்சுவிடச் சொல்லிக்கொடுத்தது அவள்தான்.

ஆடி மாதத்தில் அவள் சிவில் நீதிபதித் தேர்வில் தேறினாள். நாளிதழில் அரைப்பக்கப் பேட்டி. அதில் தன் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருந்தாள். பாதாளச் சாக்கடையில் இறங்கி வேலை செய்தவர். சாயங்காலம் அவர் வந்ததும் வாசலிலேயே அம்மா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவாளாம். அப்படியும் பள்ளிக்கூடத்தில் தன் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள் என்று சொல்லியிருந்தாள்.

எங்கள் வாட்ஸப் குழு அன்று கைதட்டலில் குலுங்கிவிட்டது. "நம்ம நொய்யல் நிழலுக்கே பெருமை" என்றார் சங்கத் தலைவர் சபாபதி. நான் கேசரி கிண்டி எடுத்துக்கொண்டு போனேன். அவள் முதுகைப் பிடித்தபடி எழுந்து வந்து கதவைத் திறந்தாள். "பயிற்சி முடிஞ்சா நாள் முழுக்க உட்காரணும் ஆன்ட்டி. அதுக்குள்ள இந்த முதுகைச் சரிபண்ணியாகணும். குளம் இருக்கற தைரியத்துலதான் இருக்கேன்" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் இன்னும் அதிக நேரம் நீந்தினாள். அவள் வந்தால் நான் கரையேறிவிடுவேன். வேகமாக நீந்துகிறவள், நாம் ஏன் குறுக்கே கிடக்க வேண்டும்? ஏறி, குளோரின் வாசம் போக நன்றாகச் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, கையை ஆட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஒருநாள் அவள் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். கண் இரண்டும் மிளகாய்ப் பழம். கழுத்தில், கைமூட்டு மடிப்பில் தோல் உரிந்து தடித்திருந்தது. பேசும்போது இருமினாள்.

"ஆன்ட்டி, தண்ணியில மருந்து கூடிப்போச்சா?"

எனக்குச் சுருக்கென்றது. என் குளத்தைப் போய்க் குறை சொல்வதா? போய்த் தண்ணீர் பிடித்துப் பார்த்தேன். எல்லாம் அளவோடு இருந்தது. மறுநாளும் பார்த்தேன், அப்படியேதான். "தண்ணியில ஒண்ணும் இல்லம்மா. வேற யாருக்கும் ஒண்ணும் ஆகலையே. சோப்பு எதையாவது மாத்தினியா?" என்று கேட்டேன்.

"இல்லை ஆன்ட்டி" என்றாள். இருமிக்கொண்டே திரும்பிப் போனாள்.

அவள் தோலை நான் மட்டுமா பார்த்தேன்? பி பிளாக் மனோன்மணியும் பார்த்துவிட்டாள். "அக்கா, தப்பா நெனச்சுக்காதீங்க. பாவம் அந்தப் புள்ளைக்கு ஏதோ தோல் வியாதியாட்ட இருக்குது. கொழந்தைக எல்லாம் எறங்கற தண்ணி பாருங்" என்றாள். அப்படிச் சொல்லும்போது அவள் முகத்தில் பெருத்த நிம்மதி. தேடிக்கொண்டிருந்த சாவி கிடைத்தவளைப் போல் இருந்தாள். இரண்டே நாளில் சபாபதி குழுவில் அறிவிப்புப் போட்டார். தோல் நோய் உள்ளவர்கள் டாக்டர் சான்றிதழ் தராமல் குளத்தில் இறங்கக் கூடாது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் முடிவு செய்யப்படும். பெயர் எதுவும் இல்லை. பெயர் வேண்டுமா என்ன?

எனக்கு ஆத்திரம் வந்தது. அவள்மேல் இரக்கத்தால் மட்டுமில்லை, என் பெட்டியின் மானமும் சேர்ந்துதான். கம்பெனிக்குப் போன் போட்டேன். எட்வின் வந்தான். நாகர்கோவில்காரன், நிதானமான பையன். சனிக்கிழமை மத்தியானம், குளத்தில் யாரும் இல்லாத நேரம். பம்பு அறையில் நுழைந்தவன் நெடுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"மேடம், பழுதுன்னு ஒண்ணும் கிடையாது."

"பின்ன அந்தப் பொண்ணுக்கு ஏன் தோல் உரியுது?"

பூவிழியின் பட்டைக்கு ஒரு நகல் கேட்டான். பொறுப்பாளர் என்பதால் அதை எடுத்துக்கொடுக்க என்னால் முடியும். குழந்தைகள் விட்டுப்போன ரப்பர் வாத்து ஒன்று கரையில் கிடந்தது. அதன் கழுத்தில் பட்டையைச் சுற்றித் தண்ணீரில் விட்டான்.

டிக் டிக் டிக்.

வாத்து நின்ற இடத்துக்கு அருகே சுவர் வாய் திறந்துகொண்டது. எட்வின் கையால் அலை தள்ளிவிட்டான். வாத்து நகர்ந்தது. அந்த வாய் மூடி, அடுத்த வாய் டிக் டிக் என்றது. வாத்து போன இடமெல்லாம் சத்தமும் கூடவே போனது.

"அவங்க நீந்தற இடத்துல மட்டும் மருந்து கொடுக்குது மேடம். தண்ணியோட கலந்து பரவினதுக்குப் பிறகு நீங்க பிடிச்சுப் பார்த்தா அளவோடதான் இருக்கும். ஆனா கலக்கறதுக்கு முன்னாடி அதுக்குள்ள இருக்கறது அவங்க மட்டும்தான்."

"ஏன்? அவ என்ன பண்ணினா?"

"அவங்க ஒண்ணும் பண்ணல. அவங்க வந்தா தண்ணி அழுக்காயிருதுன்னு இது கத்துக்கிட்டிருக்கு."

"யாரு சொல்லிக்கொடுத்தா? யாரு சிவப்பு மூஞ்சியை அழுத்தினா? பேரைச் சொல்லு. நாளைக்குக் கூட்டத்துல நாக்கைப் பிடுங்கற மாதிரி கேக்கறேன்."

எட்வின் தலையைச் சொறிந்தான். "சிவப்பை யாரும் அமுத்தல்ல மேடம். எல்லாரும் பச்சைதான். அங்கதான் கேமரா இருக்கே, யாரு சிவப்பை அமுத்துவா? ஆனா பாத்துக்கிடுங்க, இது பட்டனை மட்டும் நம்பறது இல்ல. அவங்க எறங்கின உடனே யாரெல்லாம் கரையேறுதாங்கன்னு பார்க்கும். ஏறினவங்க ஷவர்ல எவ்வளவு நேரம் நிக்காங்கன்னும் பார்க்கும். ஷவர் மீட்டரும் இதுலதான இருக்கு. ஒருத்தர் பச்சையை அமுத்திட்டுப் போய் ரெண்டு தடவை சோப்பு போட்டா, பெட்டி எதை நம்பும்?"

"எப்பலேர்ந்து?"

"ஆடி மாசத்துலேர்ந்து."

பேட்டி வந்த மாதம். கைதட்டிய மாதம். நான் கேசரி கிண்டிய மாதம்.

"அப்படி முதல்ல ஏறினது யாரு? அதையாவது சொல்லு. மனோன்மணியா?"

அவன் வாத்தின் கழுத்திலிருந்து பட்டையைக் கழற்றினான். பிறகு என் கையில் இருந்த பட்டையைப் பார்த்தான். உடனே பார்வையைத் தண்ணீருக்குத் திருப்பிக்கொண்டான். படித்த பையன், பெரியவளை முகத்துக்கு நேராகச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அய்யோ, அந்தக் கணத்தில் அந்தக் குளத்திலேயே மூழ்கிவிடலாம் போல இருந்தது. நான் அவளுக்கு இடம் விட்டு ஏறியதாக அல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்? சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். அதே வேகத்தில்தானே அவள் ஆனியிலும் நீந்தினாள்? அப்போது நான் ஏன் ஏறவில்லை? ஷவரில் நின்று ஒருமுறை சோப்புப் போட்டு அலசிவிட்டு, போதாது என்று மறுபடியும் கை சோப்பைத் தேடியதே, அது குளோரின் வாசத்துக்கா? என் மனதுக்கே தெரியாமல் என் கால் ஏறியிருக்கிறது, என் கை தேய்த்திருக்கிறது. அதைப் பார்த்துத்தான் பெட்டி பாடம் படித்திருக்கிறது. வெட்கத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டியது. எட்வின் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அதை வாங்கக்கூடக் கை கூசியது.

"அழிச்சுட்டு மறுபடி கத்துக்க விடலாமா?" என்று கேட்டேன்.

"அழிக்கலாம் மேடம். அவங்க எறங்கும்போது எல்லாரும் கூடவே நீந்தினா வேற மாதிரி கத்துக்கும். பழைய மாதிரி ஏறினா பழைய மாதிரிதான் கத்துக்கும். இல்லேன்னா மனநிறைவை அணைச்சுட்டு வேதியியல் மட்டும் வைங்க. எல்லாருக்கும் ஒரே தண்ணி. ஆனா அதுக்கு உங்க சங்கம் ஒப்புதல் கொடுக்கணும்."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் பூவிழியும் வந்திருந்தாள். கழுத்துவரை மூடிய சுடிதார். கடைசி வரிசையில், முதுகுக்குத் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தாள். சபாபதி சான்றிதழ் பேச்சை எடுக்கும் முன்பே நான் எழுந்துவிட்டேன்.

வாத்தைப் பற்றிச் சொன்னேன். டிக் டிக்கைப் பற்றிச் சொன்னேன். அவள் தோலில் இருப்பது வியாதியில்லை, நம் குளம் செய்த காயம் என்று சொன்னேன். குளம் யாரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது என்று சொல்லும்போது, "சில பேர்" என்றேன். "சில பேர் கரையேறியிருக்காங்க. சில பேர் அதிக நேரம் குளிச்சிருக்காங்க." என் நாக்கு எவ்வளவு சாமர்த்தியமானது பாருங்கள்.

கூட்டத்தில் ஒரே கொந்தளிப்பு. "குளிக்கறதைக் கூடவா கண்காணிப்பாங்க?" என்று ஒருவர் குதித்தார். குதித்தது பூவிழிக்காக இல்லை. மனோன்மணி, "நானெல்லாம் பச்சையைத்தானுங்க அழுத்துனேன்" என்று அழவே தொடங்கிவிட்டாள்.

பூவிழி உட்கார்ந்தபடியே கேட்டாள்: "ஆன்ட்டி, நீங்களும் ஏறினீங்களா?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். பொய் சொல்லியிருக்கலாம். பெட்டியில் இருப்பது எனக்கும் எட்வினுக்கும்தான் தெரியும்.

"ஆமா" என்றேன்.

"சோப்பு?"

"ரெண்டு தடவை."

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். எனக்கு உட்காரவும் தெரியவில்லை, நிற்கவும் தெரியவில்லை. இத்தனை வருஷம் சம்பாதித்த மரியாதையெல்லாம் அத்தனை பேர் முன்னால் உருவிப்போட்ட மாதிரி இருந்தது. அப்படி இருக்கவேண்டியதுதான்.

மனநிறைவை அணைத்துவிடலாம், எல்லோருக்கும் ஒரே தண்ணீர் இருக்கட்டும் என்று நான் கேட்டேன். "கை தூக்குங்க" என்றார் சபாபதி. பூவிழி தூக்கினாள், நான் தூக்கினேன். மற்றவர்கள் செல்போனைப் பார்த்தார்கள். தீபாவளிக்கு எண்ணெய் மிதக்குமே என்றார் ஒருவர். அதையும் ஒரு காரணமாகச் சொல்ல அவருக்கு வாய் வந்தது.

சபாபதி சமாதானத்துக்கு வந்தார். "அட, நமக்குள்ள எதுக்குங்க இதெல்லாம். பெட்டியில இருக்கறத அழிச்சுப் போடலாம். அப்புறம் ஒரு மாசத்துக்கு முறை வெச்சு, தெனமும் நாலு பேரு பூவிழி மேடம்கூட எறங்குவோம். பெட்டியும் கத்துக்கும், நம்ம ஒத்துமையும் வெளிய தெரியும். போட்டோகூட எடுத்துக்கலாமுங்க."

பூவிழி தலையணையை எடுத்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். முதுகு வலித்திருக்க வேண்டும், நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க பெட்டிக்குப் பாடம் நடத்த என் தோலைக் கொடுக்க முடியாதுங்க சார். உங்களுக்குப் பாடம் நடத்தவும் முடியாது. நான் மாநகராட்சிக் குளத்துக்குப் போய்க்கறேன்." என் பக்கம் திரும்பி, "வரேன் மேடம்" என்றாள். இரண்டு வருஷமாக ஆன்ட்டியாக இருந்தவள் மேடம் ஆனேன்.

அவள் போன பிறகு பெட்டியில் எதையும் அழிக்கவில்லை. அவள்தான் வரப்போவதில்லையே என்றார்கள். குளப் பொறுப்பை மனோன்மணியிடம் கொடுத்தார்கள். அடுத்த வாரம் குழுவில் யாரோ எழுதினார்கள்: "இப்போதெல்லாம் தண்ணீர் எவ்வளவு சுத்தம்!" கைதட்டல்கள் வரிசையாக வந்தன.

நான் குளத்துக்குப் போவதை நிறுத்தவில்லை. வீம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் படியில் கால் வைத்தால் மனோன்மணிக்கு வீட்டில் அடுப்பு ஞாபகம் வந்துவிடும். சபாபதி கரையேறித் துண்டை உதறுவார். குளியலறை ரகசியத்தைச் சபையில் போட்டு உடைத்தவளோடு யார் நீந்துவார்கள்? நான் பாட்டுக்குத் தனியாக நீந்தினேன், பூவிழி சொல்லிக்கொடுத்தபடி மூச்சை விட்டுத் தலையைத் தூக்கி.

ஒருநாள் காதோரம் கேட்டது. டிக் டிக்.

முதலில் பிரமை என்று நினைத்தேன். அந்தக் கோடிக்கு நீந்திப் போனேன். அங்கேயும் டிக் டிக். திரும்பி வந்தேன். சத்தமும் திரும்பி வந்தது. நாலைந்து நாளில் கண் எரிந்தது. கழுத்து மடிப்பில் தோல் தடித்தது. சொன்னால் கேவலம், எனக்குள்ளே ஒரு சின்னத் திருப்தி எட்டிப்பார்த்தது. நானும் படுகிறேன், சரியாகப் போயிற்று, இனி அவள் முகத்தைப் பார்த்துப் பேசலாம் என்று ஓர் அற்பக் கணக்கு. எட்வினைக் கூப்பிடாமல் அந்தக் கழுத்தோடு திரிந்தேன், ஏதோ மெடல் குத்திக்கொண்டவளைப் போல.

அப்போதுதான் லிஃப்டில் பூவிழியைப் பார்த்தேன். மாநகராட்சிக் குளத்திலிருந்து திரும்பியிருந்தாள், தலை ஈரம், தோளில் பை. அவள் தோல் ஆறி, பழைய நிறம் வந்திருந்தது. என் கண்ணைப் பார்த்தாள். கழுத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"எறங்கறதுக்கு முன்னாடி தேங்காயெண்ணெய் தடவிக்குங்க மேடம். கழுத்துலயும் மடிப்புலயும். எரிச்சல் கொஞ்சம் கொறையும்."

"நீ தடவிக்கிட்டுத்தான் வந்தியா?"

"ஆடியிலேர்ந்து."

"அப்ப உனக்கு அப்பவே தெரியுமா? பெட்டி இப்படிப் பண்ணுதுன்னு?"

"பெட்டியைப் பத்தித் தெரியாது மேடம்." லிஃப்ட் அவள் மாடியில் நின்றது. பையைச் சரிசெய்துகொண்டு வெளியே காலெடுத்து வைத்தாள். "பேட்டி வந்த மறுநாள் நான் எறங்கினதும் நீங்க ஏறினீங்க. ஷவர் சத்தம் ரொம்ப நேரம் கேட்டுது. நான் தண்ணிக்குள்ள நின்னு கேட்டுக்கிட்டுதான் இருந்தேன். முதுகுக்காகத்தான் தொடர்ந்து வந்தேன்."

கதவு மூடிக்கொண்டது. என் மாடிக்கான பொத்தானை அழுத்த வேண்டும் என்றுகூடத் தோன்றாமல், மூடிய கதவைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தேன்.